சுவரில் ஓதம்: பெயிண்டரைக் கூப்பிடுவதற்கு முன்

(நம் சங்கத்தின் மும்பைக் கிளைக் கூட்டத்தில், சிவில் என்ஜினீயராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. வெளியூர் உறுப்பினர்களின் வேண்டுகோளுக்கிணங்க இங்கே வெளியிடுகிறோம். – ஆசிரியர் குழு)

 

இந்த மேடையில் வழக்கமாக உபன்யாசம் நடக்கும். அல்லது சர்க்கரை வியாதி, வருமான வரி, உயில் எழுதுவது இப்படி ஏதாவது. இன்றைக்குச் சுவரைப் பற்றிப் பேசு என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். "ஸார், நம் மெம்பர்களில் ஊரில் பழைய வீடு வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். மற்றவர்கள் இங்கே பழைய ஃபிளாட்டில் இருக்கிறார்கள். ரெண்டு இடத்திலும் சுவர் உரிகிறது" என்றார் காரியதரிசி. மறுக்க முடியவில்லை.

நாம் இருக்கிற ஊர்களில் எல்லாம் இதற்கு ஒரு பேர் இருக்கிறது. நாம் ஓதம் என்கிறோம். இங்கே மராட்டிக்காரர்கள் ஓல் என்பார்கள். டில்லியில் சீலன். பாலக்காட்டில் ஈர்ப்பம். கல்கத்தாவில் உள்ளவர்கள் "நோனா" பிடித்துவிட்டது என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நோனா என்றால் உப்பு. எனக்கு அந்த வங்காளிச் சொல்தான் ரொம்பப் பிடிக்கும். மற்ற மொழிகள் எல்லாம் தண்ணீரைச் சொல்ல, அவர்கள் உப்பைச் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் போன பிறகும் நம்மை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த உப்புதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

பெயிண்ட் உரிந்தால் நாம் முதலில் கூப்பிடுவது யாரை? பெயிண்டரை. அதுவும் தையில் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் மார்கழியில் அவசரமாக. அவர் வந்து சுரண்டி, பட்டி போட்டு, மேலே ஏதோ ஒரு வாட்டர்ப்ரூஃப் பெயிண்டை அடித்து, பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அடுத்த வருஷம் அதே இடம். அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பெயிண்ட் அடிக்கச் சொன்னீர்கள், அடித்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அவரை யாரும் கேட்கவில்லையே!

தண்ணீர் ஒரு சுவருக்குள் வர நாலு வழிதான் உண்டு. தரையிலிருந்து மேலே ஏறலாம். மழையில் வெளியிலிருந்து உள்ளே வரலாம். குழாயிலோ பாத்ரூமிலோ கசியலாம். நான்காவதாக, அறைக்குள் இருக்கும் காற்றிலிருந்தே சுவரில் படியலாம். இந்த நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் பணம் போவது மட்டுமில்லை, சுவர் முன்னைவிட மோசமாகும்.

முதலில் தரையிலிருந்து ஏறும் ஓதம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் விளக்குத் திரி மாதிரி தண்ணீரை இழுக்கும். இது தரைத்தளத்தில் மட்டும்தான் வரும். தரையிலிருந்து தொடர்ச்சியாக, சுமார் 3 அடி, மிஞ்சினால் 4 அடி வரை ஏறி, அங்கே அலை அடித்த கரை மாதிரி ஒரு கோடு போட்டு நிற்கும். அந்தக் கோட்டில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். முதல் மாடியில் இருக்கிற ஒருவர் "எங்கள் வீட்டில் பூமி ஈரம் ஏறுகிறது" என்றால் நம்பாதீர்கள். பக்கத்தில் எங்கோ குழாய் கசிகிறது.

இப்போது கட்டுகிற வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேலே, தரைமட்டத்துக்குச் சற்று உயரத்தில், ஈரம் ஏறாமல் இருக்க ஒரு தடுப்பு அடுக்கு போடுகிறோம். டி.பி.சி. என்பார்கள். நம் தாத்தா காலத்து வீடுகளில் பெரும்பாலும் அது கிடையாது. ஆனால் அவர்கள் வேறு விதமாகச் சமாளித்தார்கள். வீட்டைத் தெருவைவிட மூன்று நாலு படி உயர்த்தி, அடியில் கருங்கல் வைத்துக் கட்டினார்கள். திண்ணைக்குப் படியேறித்தான் போக வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு, மேலே வெள்ளையடிப்பு. கீழே கொஞ்சம் ஈரம் ஏறினாலும் அந்தப் பூச்சு வழியாக ஆவியாகிப் போய்விடும். வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கு வெள்ளையடிப்பதும் ஒரு வைத்தியம்தான்.

இன்றைக்கு அந்தப் படிகள் எங்கே? தெருவுக்கு மேல் தெருவாகத் தார் போட்டுப் போட்டு, நாலு படியில் இரண்டு புதைந்துவிட்டது. சில வீடுகளில் தெருவிலிருந்து கீழே இறங்கித்தான் போக வேண்டியிருக்கிறது. கும்பகோணம் பக்கத்திலும் பார்த்திருக்கிறேன், மயிலாப்பூரிலும் பார்த்திருக்கிறேன், டில்லி கரோல் பாக்கிலும் பார்த்திருக்கிறேன். வெளியே மண் ஒரு அடி உயர்ந்தால், உள்ளே ஓதமும் அதற்குத் தக்கபடி உயரும். டி.பி.சி. இருந்தாலும் அதற்கு மேலே மண் வந்துவிட்டால் பயனில்லை. சில பேர் சுவரை ஒட்டியே பூச்செடிக்குப் பாத்தி கட்டித் தினமும் இரண்டு வாளி ஜலம் ஊற்றுகிறார்கள். அது செடிக்கா சுவருக்கா என்று யோசிப்பதில்லை.

அடுத்து நடப்பதுதான் பெரிய தப்பு. கீழே மூன்று அடி சுவர் உதிர்கிறது என்று கொத்தனாரைக் கூப்பிடுகிறோம். அவர் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, "ஸ்ட்ராங்காக இருக்கட்டும்" என்று சிமெண்ட் பூசுகிறார். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சிமெண்ட் பூச்சு, ஈரத்தைச் சுண்ணாம்பு மாதிரி வெளியே விடாது. உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டேதான் இருக்கும். வெளியேற வழி இல்லாததால் இன்னும் மேலே ஏறிச் சிமெண்ட் முடிகிற இடத்துக்கு மேலே போய் உரிக்கும். அடுத்த தடவை நாலு அடிக்கு டைல்ஸ் ஒட்டுகிறோம். ஓதம் ஐந்தடிக்குப் போகிறது. உள்ளே இருக்கிற செங்கல் எப்போதும் நனைந்தபடியே இருந்து மாவு மாதிரி உதிர ஆரம்பிக்கும். வெளியே டைல்ஸ் பளபளவென்று இருக்கும். தட்டினால் டொக் டொக் என்று பொள்ளல் சத்தம் கேட்கும்.

அதனால் பழைய சுண்ணாம்பு வீடு வைத்திருக்கிறவர்களுக்கு நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்றுதான். அந்தச் சுவருக்குச் சிமெண்ட் பூசாதீர்கள், டைல்ஸ் ஒட்டாதீர்கள், காற்றுப் புகாத பெயிண்டை அடிக்காதீர்கள். ஏற்கனவே செய்திருந்தால் அதை எடுப்பதுதான் முதல் சிகிச்சை.

இரண்டாவது, மழை. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். மழை பெய்த சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் திட்டாகத் தெரியும், வெயிலில் மங்கும். மும்பையில் தென்மேற்குப் பருவக் காற்று மழையைச் சாய்த்து அடிப்பதால், மேற்குப் பார்த்த சுவரும் தெற்குப் பார்த்த சுவரும் முதலில் நனையும். ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் இங்கே 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. எந்த விரிசலும் அதற்குத் தப்பாது. ஜன்னலுக்கு மேல் சஜ்ஜா சேருகிற இடம், ஏ.ஸி. பைப் நுழைகிற ஓட்டை, கைப்பிடிச் சுவரின் அடி, மழைநீர்க் குழாயின் இணைப்பு – இந்த இடங்களைப் பாருங்கள். மழை கொட்டும்போது குடை பிடித்துக்கொண்டு வெளியே போய் ஐந்து நிமிஷம் நின்று பார்த்தால், ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு யாரோ வந்து சொல்வதை நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

மொட்டை மாடியும் இதில் சேர்த்திதான். பழைய மெட்ராஸ் டெரஸ் என்றால், தேக்கு உத்தரத்துக்கு மேலே சிறு செங்கல்லைக் குத்தாக அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். கடுக்காய், வெல்லம் ஊறவைத்த தண்ணீர் சேர்த்து இடிப்பார்கள். கல்கத்தாவில் இதே மாதிரி சுண்ணாம்பு இடித்த மாடிக்கு ஜல்சாத் என்று பெயர். மும்பையில் செங்கல் துண்டை வைத்துச் சிமெண்டில் செய்வதைக் கோபா என்கிறார்கள். எந்த முறையானாலும் தண்ணீர் நிற்காமல் ஓட வாட்டம் வேண்டும். மேலே மேலே கனம் ஏற்றுவது தீர்வல்ல. கசிகிறது என்று பழைய தளத்தின் மேலேயே இன்னொரு தளம் போடுகிறவர்கள், அந்த நூறு வருஷத்துத் தேக்கு உத்தரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கசியும் குழாய். மழைக்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லாமல் எப்போதும் ஈரமாக இருந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ராத்திரி படுக்கப் போகும்போது எல்லாக் குழாயையும் மூடிவிட்டு வாட்டர் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள்; காலையில் யாரும் எழுந்து குழாயைத் திறப்பதற்கு முன் பாருங்கள். மீட்டர் இல்லாதவர்கள் மேல் தொட்டியின் மட்டத்தைக் குறித்துக்கொள்ளலாம். கணக்கு மாறினால் எங்கோ போகிறது.

கழிவுக் குழாய் இந்தச் சோதனையில் அகப்படாது. அதற்குச் சொட்டு நீலம் போதும். நஹானி ட்ராப்பில் மட்டும் இரண்டு வாளி நீலத் தண்ணீரை ஊற்றுங்கள். கீழ் ஃபிளாட் கூரையில் நீலம் தெரிந்தால் ட்ராப்பிலோ குழாயிலோ ஓட்டை. ஒரு நாள் பொறுத்தும் வரவில்லை என்றால், ட்ராப்பைத் துணியால் அடைத்துத் தரையில் ஒரு அங்குலம் நீலத் தண்ணீரைத் தேக்கி 24 மணி நேரம் வையுங்கள். அப்போது வந்தால் தரை டைல்ஸ் இடுக்கு. இதைச் செய்யாமல் பாத்ரூம் முழுவதையும் உடைக்கச் சொல்கிற கான்ட்ராக்டரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

மேல் ஃபிளாட், கீழ் ஃபிளாட் சண்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மகாராஷ்டிர ஹவுசிங் சொசைட்டி மாதிரி விதிகளின்படி, கூரைக் கசிவு உட்பட வெளிப்புறக் கசிவைச் சரிசெய்வது சொசைட்டியின் செலவு; ஃபிளாட்டுக்குள் டாய்லெட், சிங்க் போன்றவற்றால் வரும் கசிவு அந்த உறுப்பினரின் செலவு. அதனால்தான் காரணம் எது என்று நிரூபிப்பது முக்கியம். நீலத் தண்ணீரைக் கொட்டும்போது மேல் வீட்டு மாமாவையும் கீழே அழைத்து வந்து உட்கார வைத்துவிடுங்கள். கண்ணால் பார்த்த பிறகு யாரும் வாதாடுவதில்லை.

நான்காவது வகையை நாம் கவனிப்பதே இல்லை. காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த சுவரில் படிவது. டில்லியில் குளிர்காலம், ஜன்னல் எல்லாம் மூடியிருக்கும். உள்ளே சாதம் கொதிக்கிறது, வெந்நீர் காய்கிறது, மடித் துணி மூங்கில் கொடியில் அறைக்குள்ளேயே உலர்கிறது. இவ்வளவு ஆவியும் எங்கே போகும்? வடக்குச் சுவரின் மூலையிலும் பீரோவுக்குப் பின்னாலும் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். உப்பு இருக்காது, கரைக்கோடு இருக்காது. இதற்குச் சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன், தினம் அரை மணி நேரம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறப்பது, பீரோவைச் சுவரிலிருந்து மூன்று நாலு அங்குலம் தள்ளி வைப்பது, இவ்வளவுதான் வேண்டும்.

சந்தேகமாக இருந்தால் சமையலறையில் இருக்கும் அலுமினியம் ஃபாயிலை ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி, நாலு பக்கமும் டேப்பால் இடைவெளி இல்லாமல் சுவரில் ஒட்டுங்கள். ஓரிரு நாள் கழித்துப் பாருங்கள். அறைப் பக்கம் நீர் முத்து இருந்தால் காற்று ஈரம். பிரித்தால் சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. சிலர் மாயிஸ்ச்சர் மீட்டர் என்று ஒரு கருவியைக் கொண்டுவந்து குத்திக் காட்டுவார்கள். அது மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை அளக்கும் கருவி; உப்பு இருந்தாலும் எண் எகிறும். அதை மட்டும் நம்பி லட்ச ரூபாய் எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது அந்த நோனாவுக்கு வருகிறேன். தண்ணீர் ஏறும்போது மண்ணிலிருந்தும் செங்கல்லிலிருந்தும் உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். தங்குகிற உப்பு படிகமாகும்போது பூச்சைப் பிளந்து தள்ளுகிறது. அதோடு சில வகை உப்புகள் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். நம் சமையலறை உப்பு ஜாடி மழைக்காலத்தில் நசநசக்கிற மாதிரிதான். அதனால் நீங்கள் காரணத்தைச் சரிசெய்த பிறகும், புழுக்கமான நாளில் சுவர் மறுபடி ஈரமாகத் தெரியும். "வேலை வீண், கான்ட்ராக்டர் ஏமாற்றிவிட்டான்" என்று பதறுகிறோம். அது பழைய உப்பு.

உப்பு பூத்தால் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த பிரஷால் தட்டி, முறத்தில் ஏந்தி வெளியே கொட்டுங்கள். உப்பேறிய பூச்சை, கரைக்கோட்டுக்கு மேல் ஒரு அடி வரை சேர்த்துக் கொத்தி எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். பூச்சைக் கொத்த முடியாத இடமாக, ஓவியமோ வேலைப்பாடோ உள்ள சுவராக இருந்தால், காகிதக் கூழைச் சுத்தமான நீரில் குழைத்து அப்பிக் காயவிட்டு உரிப்பது ஒரு முறை. சில தடவை செய்ய வேண்டும். அதற்குத் தெரிந்தவர்களை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

பிறகு பொறுமை. நனைந்த சுவர் காய, ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. 9 அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். அக்ரஹாரத்து 18 அங்குலச் சுவர் என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மார்கழியில் பழுது பார்த்துத் தையில் பெயிண்ட் அடிப்பது ஏன் நிலைப்பதில்லை என்று இப்போது புரிந்திருக்கும். காய்ந்த பிறகு சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சு, மேலே சுண்ணாம்பு வெள்ளை. சுண்ணாம்புப் பூச்சு மெதுவாகத்தான் இறுகும். நேர் வெயில் படாமல் சாக்குப் படுதா கட்டிச் சில நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். இது தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். ஆனாலும் விசாரித்தால் கிடைக்கிறார்கள்.

சுவரில் துளை போட்டு ரசாயனம் செலுத்தி ஈரத்தைத் தடுக்கிற முறையைப் பலர் கேட்கிறார்கள். உண்மையாகவே தரையிலிருந்து ஏறும் ஓதமாக இருந்து, வெளியே மண்ணை இறக்கி, வடிகாலைச் சரிசெய்த பிறகும் நிற்கவில்லை என்றால் செய்யலாம். செங்கல் வரிசை ஒழுங்காக உள்ள சுவரில் பலன் இருக்கும். உள்ளே கல்லும் மண்ணும் போட்டு நிரப்பிய கனமான சுவரில் மருந்து எங்கே போகும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. முதல் வேலையாக அதைச் சொல்கிறவரிடம் வேண்டாம் என்றே சொல்வேன்.

இதுவரை சொன்னது செங்கல், சுண்ணாம்பு. இங்கே மாட்டுங்கா, செம்பூர், சயான் பக்கம் 1950, 60-களில் கட்டிய கான்கிரீட் கட்டிடங்களில் இருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை அதைத் துருப்பிடிக்காமல் காக்கும். பல வருஷம் காற்றுப் பட்டு அந்தக் காரம் குறையும். கடல் காற்றின் உப்பும் சேரும். அதோடு தண்ணீரும் புகுந்தால் கம்பி துருவாகும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். பாத்ரூம் கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது என்றால் அது பெயிண்ட் விஷயமே இல்லை. பெயர்ந்த இடத்தில் சிமெண்டை அப்பி மூடுவது, உள்ளே துரு வளர இடம் கொடுப்பதுதான். ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர் பார்க்க வேண்டும். மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 353பி பிரிவு, 30 வருஷம் தாண்டிய கட்டிடங்களுக்கு ஸ்ட்ரக்சுரல் ஆடிட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சொசைட்டி மீட்டிங்கில் "செலவு ஜாஸ்தி, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று கை தூக்குகிறவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து தூக்காதீர்கள்.

ஈரச் சுவரில் ஸ்விட்ச் போர்டு இருந்தால் வேறு எதற்கும் காத்திராமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்துங்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இதுதான் முதல் செலவு. பூஞ்சைக்கும் மூச்சிரைப்புக்கும் சம்பந்தம் உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் இதற்கென்றே வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. அம்மாவுக்கு மழைக்காலத்தில் மட்டும் வீஸிங் வருகிறது என்றால், அவள் கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் ஒரு தடவை பாருங்கள்.

கடைசியாக, ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு. நம்மில் பலர் வருஷத்துக்கு ஒரு தடவை, குலதெய்வத்துக்கு மாவிளக்கு ஏற்றப் போகும்போது கதவைத் திறக்கிறோம். ஓத வாசனை அடிக்கிறது. உடனே "இனிமேல் இது நிற்காது, வந்த விலைக்குக் கொடுத்துவிடலாம்" என்று அண்ணா தம்பிகள் பேச ஆரம்பிக்கிறார்கள். விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் குடும்ப விஷயம். ஆனால் ஓதத்தைக் காரணமாகச் சொல்லி முடிவெடுப்பதற்கு முன், மாடிக்கு ஏறிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே தண்ணீர் போகும் துவாரத்தைச் சருகு அடைத்திருக்கும். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கும். கன்றை மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுத்து, வெடிப்பைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும். ஓட்டு வீடானால் இரண்டு வீட்டுக் கூரையும் சேருகிற பள்ளத்தைப் பாருங்கள்.

அக்ரஹாரத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. பக்கத்து வீட்டை இடித்துவிட்டார்கள் என்றால், நூறு வருஷமாக மழையே படாமல் இருந்த உங்கள் சுவரின் மறுபக்கம் முதல் தடவையாக நனைகிறது. அந்தப் பக்கம் சில இடங்களில் பூச்சே இருக்காது, மண் சாந்துதான். அடுத்த மழைக்குள் அதற்குச் சுண்ணாம்புப் பூச்சும், மேலே தண்ணீர் வழியாமல் ஒரு ஓட்டு விளிம்பும் வைத்துவிட வேண்டும். இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசி ஒப்புக்கொள்ள வைப்பது நல்லது. இடித்த பிறகு யாரும் போனை எடுக்க மாட்டார்கள். உள்ளூரில் நம்பிக்கையான ஒருவருக்கு மாதம் ஏதாவது கொடுத்து, வாரம் ஒரு நாள் ஜன்னலைத் திறந்து, மழைக்கு முன் மாடியைப் பெருக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் வடகிழக்குப் பருவமழைக்கு முன், அதாவது செப்டம்பர் கடைசிக்குள். பாலக்காட்டில் மே மாதத்திலேயே.

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். செல்போனில் சுவர் போட்டோ வைத்திருக்கிறவர்கள் காட்டலாம். ஆனால் ஒரு வேண்டுகோள்: உள்ளே உரிந்திருக்கும் இடத்தை மட்டும் எடுத்து வந்தால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. அதே சுவரின் வெளிப்பக்கம், அதன் அடியில் உள்ள தரை, அதற்கு நேர் மேலே உள்ள மாடி, இந்த மூன்றையும் எடுத்து வாருங்கள். இன்று கொண்டுவராதவர்கள் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரலாம், நான் வருகிறேன்.